ஒகேனக்கல்லில் முழுகிய மாலை

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஐந்தரை மணிக்குக் குட்டியானை வண்டி எங்கள் தக்காளிக் காட்டு வீட்டுக்கு வந்து நின்றது. பாப்பாரப்பட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறோம். ஒகேனக்கல் போய்வர வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு என்று டிரைவர் கோவிந்தனிடம் முந்தின நாளே பேசியாகிவிட்டது. அவர் தக்காளி லோடு ஓட்டுகிறவர். வண்டியைக் கழுவித் தார்ப்பாய் விரித்து, மாட்டுக்குக் கொம்புக்கு ஒன்றாகக் கட்டுவது போல இரண்டு பக்கமும் வேப்பிலை கட்டியிருந்தார்.

"போலீஸ் நிறுத்துனா என்னாங்க சொல்றது? லோடு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதும்பாங்க" என்று என் மகன் முருகேசன் கேட்டான்.

"தக்காளிதான் சார், கொஞ்சம் பெருசா வெளைஞ்சிருக்குன்னு சொல்லிக்கலாம்" என்றார் கோவிந்தன்.

முன்சீட்டில் என் நாத்தனார் ராசம்மா அண்ணி ஏறிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முன்சீட்டு அவருக்குத்தான். நானும் முருகேசனும் பின்னால் தார்ப்பாயில் உட்கார்ந்தோம். நடுவில் புளிசோறு தூக்கு, காப்பரிசி, தேங்காய் பழம், ஈரத்துணி போட்டு மூடிய ஒரு மூங்கில் கூடை. அந்தக் கூடையில்தான் கல்யாண மாலைகள் இரண்டும் இருந்தன.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் போட்ட மாலையைத் தூக்கி எறிய மாட்டோம். எங்காவது மாட்டி வைத்திருந்து, முதல் ஆடிப் பதினெட்டு அன்று இருவரும் ஆற்றுக்குப் போய் அவரவர் கையால் தண்ணீரில் விட வேண்டும். மாலைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஆற்றோடு போனால் நல்ல வாழ்க்கை என்று அர்த்தம்.

முருகேசனுக்கு வைகாசியில்தான் கல்யாணம் நடந்தது. நாற்பதை நெருங்கிவிட்டான். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் தர மாட்டோம் என்று எத்தனையோ வீட்டில் காபி கொடுத்தே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கம்பைநல்லூரில் தேன்மொழி அமைந்தாள். அவளுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் புருசன் காய்ச்சலில் படுத்தவர், எழவில்லை. ஆறு வருடமாகிறது. அவள் நிறையப் படித்தவள், கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. கல்யாணமான வாரமே லீவு முடிந்து போய்விட்டாள். மாதம் ஒரு தடவை வருவாள். இந்தத் தடவை ஆடிக்கு அம்மா வீட்டில் இருந்தாள்.

நான் போன ஊர்கள் குறைவு. ஒகேனக்கல் எங்களுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் என் வீட்டுக்காரர் காரியத்துக்குப் போனதோடு சரி. அதற்குப் பிறகு இப்போதுதான் போகிறேன்.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஒவ்வொன்றும் படிக்கட்டு தெரியாமல் வந்தது. எருக்கம் இலைக் கட்டு, காதோலை கருகமணி எல்லாம் தரையில் விரித்து விற்றார்கள். ஒரு ஜோடி பத்து ரூபாய். தேன்மொழியும் அவள் அம்மாவும் டீக்கடை ஓரம் நின்றிருந்தார்கள். கம்பைநல்லூரிலிருந்து தருமபுரி வந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். முன்சீட்டைப் பார்த்து இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் குனிந்து கும்பிட்டார்.

"ஏறுங்க சம்பந்தி. தண்ணி கொறையறதுக்குள்ள போவணும்" என்றார் அண்ணி.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் பதினாறு கிலோமீட்டர். காடு தொடங்கியதும் காற்று மாறிவிட்டது. வளைவுக்கு வளைவு குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று எங்கள் புளிசோற்றுத் தூக்கையே பார்த்துக்கொண்டு சிறிது தூரம் கூடவே ஓடி வந்தது. தேன்மொழி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மருமகளிடம் என்ன பேசுவதென்று தெரியாது. யாரிடமும் சட்டென்று பேச வராது. அவளே பேசினாள்.

"அத்தை, தொட்டிக்குப் பின்னால செவ்வந்தி வெச்சிருந்தீங்களே, பூத்துடுச்சா?"

"மொட்டு வெச்சிருக்குது."

முன்னால் இருந்து அண்ணி கண்ணாடி ஜன்னல் வழியாகச் சத்தமாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, நீ கடல்ல என்னதான் வேலை பாக்கற? எங்க ஊர்ல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல."

"பிளாஸ்டிக் ஒடைஞ்சு தூளாயி கடலுக்கு வருதுங்க பெரியம்மா. அந்தத் தூளு எங்க போவுது, மெதக்குதா, முழுகுதான்னு பாக்கறோம்."

"அதைப் பாக்கறதுக்குச் சம்பளமா?"

"ஆமாங்க."

"எங்க வூட்டுக் கெணத்துல வந்து பாருடி, நான் பாதிச் சம்பளத்துக்குக் காட்டறேன்." கோவிந்தன் சிரித்ததில் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கிப் போனது.

ஏழரை மணிக்கு ஒகேனக்கல். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தோம். அருவிச் சத்தம் காதுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்தது, பாறை அதிர்ந்தது. தண்ணீர் இந்த வருடம் அளவாக, செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அதனால் பரிசல் ஓடியது. மீன் வறுக்கிற பெண்கள் கூப்பிட்டார்கள், ஒரு துண்டு அறுபது ரூபாய். எண்ணெய் தேய்க்கிறவர்கள் கோவிந்தனை விடவில்லை. முதலைப் பண்ணைப் பக்கம் கூட்டம் கொஞ்சம் குறைவு என்று சொன்னதால் அங்கே போய் ஒரு பாறையைப் பிடித்தோம். பக்கத்துப் பாறையில் நல்லம்பள்ளிக்காரர்கள். நாலு குடும்பம், நாலு புதுப் பொண்ணு.

எருக்கம் இலையைத் தலையில் வைத்து எல்லோரும் முழுகி எழுந்தோம். அண்ணி மணலில் ஏழு கல் நட்டு, கன்னிமாருக்கு மஞ்சள் வைத்து, காப்பரிசி படைத்தார். பெண்களுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். நான் ஈரப்புடவையோடு இரண்டு பாறை தள்ளிப் பின்னால் நின்றுகொண்டேன். புருசன் இல்லாதவள் அந்த நேரத்தில் அங்கேதான் நிற்க வேண்டும். கல்யாணத்தன்றும் அப்படித்தான் நின்றேன். யாரும் சொல்லாமலே கால் போய் நின்றுகொள்ளும்.

அப்புறம் கூடையைத் திறந்தார்கள்.

அந்த மாலைகளை வாங்கியவர் அண்ணிதான். பெங்களூர் மாடல் என்று ஓசூரில் சொல்லிச் செய்தது. சம்பங்கிக்கு நடுவில் பிளாஸ்டிக் ரோசா இதழ், பிளாஸ்டிக் இலை, ஜிகினா. வாடவே வாடாது என்று கல்யாணத்தில் எல்லோரிடமும் சொன்னார். சம்பங்கி வாடி உதிர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

தேன்மொழி தயங்கிக் கேட்டாள்: "பெரியம்மா, இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துட்டு, நாரும் காஞ்ச பூவும் விடலாங்களா?"

"கல்யாண மாலையப் பிய்ப்பாங்களா? என்ன பேச்சு பேசற?"

புதுசாக வந்தவள், அதிலும் இப்படி வந்தவள், எத்தனை பேச முடியும்?

முருகேசன் தன் மாலையைத் தண்ணீரில் வைத்தான். அது ஒரு சுற்றுச் சுற்றி, நல்லம்பள்ளிக்காரர்களின் மாலைகளோடு சேர்ந்து நடு ஆற்றுக்குப் போய்விட்டது. அண்ணி குலவை போட்டார். அடுத்து தேன்மொழி குனிந்து வைத்தாள். அவளுடைய மாலை கையளவு தூரம் போனது. ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு எருமை குட்டையில் இறங்குவது போல நிதானமாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

குலவை பாதியில் நின்றது.

பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "என்னங்க, பொண்ணு மாலையா முழுகிடுச்சு?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் அண்ணி. "தண்ணி சொல்லுது."

சம்பந்தியம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் மகளை இரண்டாம் முறை கட்டிக் கொடுப்பதற்கு எத்தனை பேரிடம் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார். இனி இந்த ஆறும் பேசும். கம்பைநல்லூர் வரைக்கும் பேசும். என் மகன் முகம் செத்துப்போனது. அவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேன்மொழி அழவில்லை. தொலைந்த கம்மலைத் தேடுகிற மாதிரி தண்ணீருக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கேட்டாள்.

"மாலைய எங்க வெச்சிருந்தீங்க?"

"வூட்லதான்" என்றான் முருகேசன்.

"வூட்ல எங்க?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பாறை தள்ளி நின்றேன் என்று சொன்னேனே, அங்கிருந்து என் சின்னக் குரல் அருவிச் சத்தத்தில் எடுபடாது. இறங்கி வந்தேன்.

"தொட்டியில கெடந்துச்சு" என்றேன்.

"எந்தத் தொட்டியிலங்க?"

"சொட்டு நீருக்கு உரம் கரைக்கிற தொட்டி. ரெண்டு மாலையும் தொட்டிக்கு மேல கம்பியிலதான் மாட்டியிருந்துச்சு. நீ வேலைக்குத் திரும்பிப் போன வாரமே உன்னோடது கயிறு அறுந்து உள்ள உழுந்துடுச்சு."

"அப்ப இருந்தா?"

"அப்ப இருந்து."

"நீங்கதான் குளுகுளுன்னு இருக்கட்டும்னு போட்டு வெச்சீங்கன்னு நெனச்சேன். இன்னிக்குக் காத்தால எடுத்து மேலாக்க அலசி ஒதறிக் கூடையில வெச்சேன்" என்றான் முருகேசன்.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "உழுந்தா எடுத்து மாட்டறதுக்கென்ன? உனக்குக் கையில்லயா?"

"இந்தக் கையாலயா அண்ணி?" என்றேன். "நல்ல மாலை. புருசன் இல்லாதவ தொடலாமான்னு விட்டுட்டேன். ஆரையாச்சும் கூப்புட்டுச் சொல்லவும் கூச்சமா இருந்துச்சு."

அண்ணி முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணத்தன்று, மேடைப் பக்கம் வராதே என்று என்னிடம் கண்ணாலேயே சொன்னவர் அவர்தான். அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தேன்மொழி ஓரமாக வந்த பரிசல்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "அண்ணா, இங்க இடுப்பளவுதான் இருக்கும். ஒரு மாலை உள்ள போயிருக்குது, எடுத்துத் தர்றீங்களா?"

"ஆத்துக்குக் குடுத்ததத் திரும்பக் கேக்கறீங்களேம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் துடுப்பை விட்டுத் துழாவினார். இரண்டாம் முறை மாலை மாட்டிக்கொண்டு வந்தது. பாறையில் போட்டார். வெளிப்பக்கம்தான் சுத்தமாக இருந்தது. தேன்மொழி பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு இதழின் உள்பக்கமும் பச்சைப் பசேலென்று பாசி. தொட்டால் வழவழவென்று கஞ்சி மாதிரி இருந்தது. அதில் தொட்டி மண்ணும் ஆற்று மணலும் ஒட்டியிருந்தன.

"பாருங்க பெரியம்மா. ஒண்ணொண்ணும் கண்ணுக்கே தெரியாத பாசி. கோடி கோடியா சேந்தாத்தான் இப்படிப் பச்சையாத் தெரியும். உரத் தண்ணி அதுக்கு விருந்து. அது பசை மாதிரி ஒண்ணு விடும், அதுல மண்ணு ஒட்டும். நாரு ஊறினதுல கொஞ்சம் பாரம், பாசியில மிச்ச பாரம்."

இரண்டு இதழ்களைப் பிய்த்தாள். ஒன்றை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். ஒன்றை அப்படியே விட்டாள். பாறைக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் இரண்டையும் போட்டாள். துடைத்தது மிதந்தது. துடைக்காதது ஆடி ஆடிக் கீழே போய் உட்கார்ந்தது. பக்கத்துப் பாறை அம்மாவும் வந்து குனிந்து பார்த்தார். "அட ஆமா" என்றார்.

"அதெல்லாம் சரி" என்றார் அண்ணி. "என்ன இருந்தாலும் முழுகினது முழுகினதுதானே? அவன் மாலை மெதந்து போச்சு, இவ மாலை முழுகிடுச்சு. ஊருக்குப் பாசியா தெரியும்?"

எனக்கு அப்போது எங்கிருந்து சத்தம் வந்தது என்று தெரியவில்லை.

"முழுக வெச்சது நம்ம வூட்டுத் தொட்டித் தண்ணி அண்ணி. அவ கழுத்துல இருந்து அதுல ஒண்ணும் ஒட்டல. ஊர்ல கேட்டா நான் சொல்றேன்."

நல்லம்பள்ளிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது. முருகேசன் இறங்கிப் போய்த் தன் மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பினான். "எழுந்திரிங்கத்தை, பசிக்குது" என்றான்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருசத்துல இவ்ளோ பேசி நான் பாத்ததில்ல" என்றார். அப்புறம், "சரி, அந்தக் கருமத்தப் பிச்சுப் போடுங்க. நாரையாச்சும் ஒழுங்கா விடுங்க. பெங்களூர் மாடலாம்!" என்றார், யாரோ வாங்கி வந்ததைப் போல.

தேன்மொழி மாலையைத் தூக்கினாள். "அத்தை, ஒரு முனையைப் புடிங்க."

நான் கையை நீட்டவில்லை.

"புடிங்க அத்தை. என் கையும் அதே கைதான்" என்றாள். பெரிதாகச் சொல்லவில்லை. உப்பை எடு என்கிற மாதிரி சொன்னாள்.

பிடித்தேன். ஈரமாக, வழவழப்பாக இருந்தது. இருவரும் பாறையில் உட்கார்ந்து இதழ் இதழாகப் பிய்த்துப் புளிசோற்றுத் தூக்கை வைத்து வந்த பையில் போட்டோம். கடைசியில் நாரும், அதில் பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சம் சம்பங்கிக் காம்பும் மிஞ்சியது. அதை முருகேசனும் அவளும் சேர்ந்து விட்டார்கள். அது நடு ஆற்றுக்குப் போகவில்லை. கரையோரமாகவே வளைந்து வளைந்து, பாறை மறைக்கும் வரை போய்க்கொண்டிருந்தது.

"உங்களுது பிளாஸ்டிக்கோட போயிடுச்சு" என்றாள் முருகேசனிடம். "மேட்டூர் போயி எங்கயாச்சும் பாசி புடிச்சு உக்காந்துக்கும். இல்லன்னா ஒடைஞ்சு தூளாயி கடலுக்கு வரும். எனக்கு வேலை குடுக்கறீங்க."

அவன் அன்று முதல் முறையாகச் சிரித்தான்.

பகல் ஒரு மணிக்கு வண்டி ஏறினோம். கோவிந்தன் தலையிலிருந்து எண்ணெய் வழிந்தது. அண்ணி முன்சீட்டைச் சம்பந்தியம்மாவுக்கு விட்டுவிட்டு, வெயில் அடிக்குது, பின்னால காத்து வரும் என்று சொல்லிக்கொண்டு எங்களோடு ஏறினார். காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன்.

"கடல்லயும் இப்படித்தானா?"

"இப்படித்தான் அத்தை. மேல மெதக்குற தூளு மேல பாசி வளரும். பாரம் ஏறினதும் கீழ போவும். ஆனா பாசிக்கு வெளிச்சம் வேணும். கீழ போனா இருட்டு. செத்துடும், இல்லன்னா சின்னச் சின்ன உசுருங்க மேஞ்சுடும். பாரம் போனதும் பிளாஸ்டிக் மறுபடி மேல வரும். மேல வந்தா வெயிலு, மறுபடியும் பாசி."

"எல்லாமே திரும்ப வருமா?"

"எல்லாம் வராது. பாசியோட பசையில நெறைய தூளு ஒண்ணாச் சேந்து கட்டியாயிட்டா, அடியில போயி சேத்துல உக்காந்துக்கும். அங்க இருக்கற புழு தின்னும், புழுவ மீன் தின்னும். எது வரும், எது வராது, எவ்ளோ நாளாகும்னுதான் பாத்துக்கிட்டிருக்கோம். இன்னும் முழுசாத் தெரியல."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார். தூங்கவில்லை. "கீழ போனத மேல கொண்டார ஆரும் புடிச்சு இழுக்கறதில்லயா?" என்றார்.

"இல்லீங்க பெரியம்மா. பாரம் போனாத் தானா வரும்."

அண்ணி கண்ணைத் திறக்காமலே அவள் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார். "தலையத் தொவட்டு. சளி புடிக்கப் போவுது" என்றார்.

சம்பந்தியம்மாவைப் பென்னாகரத்தில் பஸ் ஏற்றிவிட்டு, மூன்று மணிக்கு வீடு வந்துவிட்டோம். பையில் இருந்த இதழ்களில் ஒன்றே ஒன்றை எடுத்து, பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் தொட்டித் தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டாள் தேன்மொழி. அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "இருட்டுல வெச்சுப் பாருங்க அத்தை. மேல வந்தா எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் புறப்பட்டாள். தக்காளிக் காட்டில் கிழிந்து கிடந்த, களை முளைக்காமல் மண்ணை மூடுகிற மல்ச்சிங் ஷீட்டில் ஒரு துண்டை எடுத்துப் பாட்டிலைச் சுற்றி மூடினேன். கறுப்பு ஷீட், உள்ளே வெளிச்சம் போகாது.

ஒகேனக்கல்லின் அத்தனை தண்ணீரையும் பார்த்துவிட்டு வந்து, ஒரு பாட்டில் தண்ணீரையே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஷீட்டை விலக்கிப் பார்ப்பேன். அடியில்தான் கிடக்கும். மூடிவிடுவேன். அண்ணி பால் வாங்க வரும்போதெல்லாம் "ஏறிச்சா?" என்பார். இல்லை என்றால், "உன் மருமவ சொன்னா நடக்காம போவாது, பொறு" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போவார்.

ஆவணி பாதியில் ஒரு நாள் விலக்கினேன். பாசி பழுப்பாகி அடியில் தூளாக உதிர்ந்திருந்தது. ஒரு நத்தைக்குஞ்சு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இதழ் தண்ணீரின் மேல் மிதந்தது. ரோசா நிறம் பழையபடி தெரிந்தது.

நானாக யாருக்கும் போன் போட்டதில்லை. அன்று போட்டேன்.

"தேனு, மேல வந்துடுச்சு."

அந்தப் பக்கம் கடல் சத்தமோ காற்றோ ஏதோ ஒன்று கேட்டது.

"வந்துடுச்சா அத்தை?" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"இனிமே என்ன செய்யட்டும்? வெயில்ல வெச்சா மறுபடி பாசி புடிச்சுக் கீழ போவும்ல?"

"போவும். அப்புறம் மேலயும் வரும்."

அதற்குப் பயந்து எத்தனை நாள் மூடியே வைப்பது? போனை வைத்துவிட்டு, ஷீட்டைச் சுருட்டி எடுத்தேன். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய், செவ்வந்தி பூத்திருந்த பக்கம் தொட்டி மேட்டில் வெயிலில் வைத்தேன்.